உறவுமுறை: மகள்

அத்தியாயம் பதினான்கு

நிராகரிப்புக்கான காரணம் ஒரே வரியில் இருந்தது: 'குடும்பத்தில் ஏற்கெனவே பட்டதாரி உள்ளார்.'

செவ்வாய்க்கிழமை மாலை கைப்பேசித் திரையில் வந்து விழுந்த அந்த வரியை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றபோது தமிழ்நிலா இருபதாவது முறையாகப் படித்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளுக்கு எரிச்சலூட்டியது அதுதான்.

பட்டதாரி இருக்கத்தான் செய்தாள். பெயர் தீபிகா. பி.காம்.

தமிழ்நிலாவுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்துப் பத்து நாள் ஆகிறது. நகரின் தென்கோடியில் ஒரு தனியார் கல்லூரி, மின்னணுவியல். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்று காட்டும் முதல் பட்டதாரிச் சான்றிதழை இணைத்தால், கல்விக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். இணைக்காவிட்டால் அந்த இடம் காகிதத்தில் மட்டும் அவளுடையது. நாளை, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணியோடு அவகாசம் முடிகிறது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேறு சலுகை உண்டு. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அந்த உதவி பள்ளிக்குத்தானே தவிர, அதில் படித்த பிள்ளைக்கு இல்லை என்று போன மாதமே விளக்கி அனுப்பிவிட்டார்கள்.

ஆகவே மிச்சமிருந்தது இந்த ஒரு வழி. இதை அடைத்தவர் அவள் பக்கத்தில், சலவைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய தகப்பனார் தணிகாசலம். நொச்சிக்குப்பத்து மீன் அங்காடிக்குக் 'குட்டி யானை' என்கிற சிறு சரக்கு வண்டியில் ஐஸ் கட்டி ஏற்றிவருபவர். பத்தாவது தவறியவர். பொய் எழுதத் தெரியாதவர்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்த ஹபீபுர் ரஹ்மான், குடும்ப உறுப்பினர்களின் கல்வித் தகுதி என்ற பகுதிக்கு வந்ததும் ஒரு கணம் கையை நிறுத்தியிருந்தான்.

"அண்ணே, இத கண்டிப்பா போடணுமா?"

"இன்னா கேள்வி இது? படிச்சவள படிக்காதவன்னு எழுதச் சொல்றியா?"

"அது இல்லண்ணே. அவங்கதான் கல்யாணமாயி அடையாறு பூட்டாங்களே."

"கல்யாணமானா டிகிரிய கழட்டி வெச்சிட்டா போவாங்க? போடு. ஃபர்ஸ்ட் கிளாஸுன்னும் போடு."

ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. தணிகாசலம் நகராமல் நின்றதால், ஹபீபுர் ரஹ்மான் அதைக் 'குறிப்பு' என்ற இடத்தில் சேர்த்தான்.

தீபிகா, தணிகாசலம் பெற்ற பெண் அல்லள். அவருடைய தங்கையின் மகள். அவளுக்கு ஏழு வயதாகும்போது தாய் இறந்தாள். தகப்பன் அசோகன், வேலை தேடிப் போவதாகவும் ஒரு வாரத்தில் வந்து குழந்தையை அழைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வாரம் முடியாமல் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கப் போனபோது உறவுமுறை என்ன என்று கேட்டார்கள். "எம் பொண்ணு" என்றார் தணிகாசலம். அவ்வாறே பதிவானது.

போன ஆண்டு தீபிகாவுக்குத் திருமணமான பிறகும் அந்தப் பெயரை அவர் நீக்கவில்லை. மனைவி ஜானகி இரண்டு முறை நினைவூட்டினாள். "பேர எடுக்கறதுக்கு அவ இன்னா செத்தா பூட்டா?" என்று கேட்டு இரண்டு முறையும் அவள் வாயை அடைத்தார்.

---

மண்டலத் துணை வட்டாட்சியர் விசாலாக்ஷி ஐம்பதைத் தொட்டவர். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர் என்று அலுவலகம் முழுவதும் பெயர். ஆகவே அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் எவரிடமும் எதுவும் செய்வதற்கில்லை.

"உட்காருங்க. மனுவப் பார்த்தேன். மூத்த பொண்ணு பி.காம். முடிச்சிருக்கா. அப்புறம் இந்தப் பொண்ணு எப்படி முதல் பட்டதாரி?"

"மூத்தவ என் தங்கச்சி பொண்ணுங்க."

"மகள்னு போட்டிருக்கீங்களே. குடும்ப அட்டையிலயும் மகள்தான்."

"மகதான்."

விசாலாக்ஷி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கோ. மகளா, தங்கச்சி பொண்ணா?"

"தங்கச்சி பொண்ணு. எம் மக."

"ரெண்டுமா இருக்க முடியாது சார்."

"பதினேழு வருசமா இருந்துக்கினு கீதே மேடம்."

தமிழ்நிலா குனிந்துகொண்டாள். சிரிப்பதற்கான நேரம் அன்று என்று அவளுக்குத் தெரியும்.

"சட்டப்படித் தத்து எடுத்தீங்களா?"

"எந் தங்கச்சி பொண்ண நான் யார்கிட்ட எழுதி வாங்கணும்?"

விசாலாக்ஷி கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து, பொறுமையாக விளக்கினார். இந்தச் சான்றிதழைப் பொறுத்தவரை குடும்பம் என்றால் பெற்றோர், அவர்களைப் பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். தங்கையின் மகள் அதற்குள் வரமாட்டாள், மகள் வருவாள்.

"உங்க பொண்ணுக்கு உரிமை இல்லேன்னு நான் சொல்லல. அந்தப் பொண்ணு மகள் இல்லேன்னா இந்தப் பொண்ணுக்குத் தாராளமா கொடுக்கலாம். ஆனா அத நீங்க எழுத்துல தரணும். இருபது ரூபா பத்திரத்துல. தீபிகா என்பவர் என் மகள் அல்லர், என் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். கூடவே அவளோட பள்ளிக்கூட டி.சி. அதுல தகப்பனார் பேர் வேறயாத்தானே இருக்கும்?"

தணிகாசலம் பதில் சொல்லவில்லை.

"சார்?"

"எங் குடும்பத்த சேர்ந்தவ இல்லன்னா?"

"ஆமா. அந்த வாசகம் கட்டாயம் வேணும்."

அவர் எழுந்துவிட்டார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பழைய இடத்தில் தள்ளி வைத்தார். "ஞாயித்துக்கெழம அவளுக்கு வளகாப்பு மேடம்" என்றார்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் விசாலாக்ஷி. அதை அவர் மெய்யாகவே சொன்னார். "நாளைக்குக் காலைல பதினொரு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்."

---

லூப் சாலை மீன் அங்காடியில் ஜானகி சங்கரா மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மீன் வாங்க வந்த பெண்மணி ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர். கூடையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். கணவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஜானகிக்குத் தெரிந்துவிட்டது.

"கையெழுத்துப் போடல. அதானே?"

"போடல."

"இன்னா எழுதச் சொன்னாங்க?"

தமிழ்நிலா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மீன்களின் தலை போயிருந்தது.

"இவ்ளோதானா? யோவ், அவள வூட்ட வுட்டுத் தொரத்தச் சொன்னாங்களா? காயிதத்துலதானேய்யா."

"காயிதத்துலதான் அவள சேத்தேன். காயிதத்துல எடுத்தா எடுத்ததுதான்."

"பின்னாடி பிளாக்குல கீறானே, அவனுக்கு ரெண்டு பசங்க. மூத்தவன் படிச்சி முடிச்சி கம்பெனிக்கே போய்க்கினு கீறான். எட்டாவது பெயிலுன்னு எழுதிக் குடுத்துட்டு சின்னவனுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினாங்க. ஒருத்தரும் கேக்கல. நீ நெசத்த எழுதின. ஃபர்ஸ்ட் கிளாஸுன்னு வேற எழுதின. கேக்கறாங்க."

"அதுக்கு நானும் பொய் எழுதணுமா?"

"எழுதாத. நெசத்தையே எழுது. அவ உன் தங்கச்சி பொண்ணு. அது நெசந்தானே?"

ஜானகி கத்தியைப் பலகையில் ஊன்றினாள்.

"நைனா" என்றாள் தமிழ்நிலா. "எனக்கு சீட்டு போனா பரவால்லையா?"

"பரவால்லன்னு யாரு சொன்னா? வண்டிய வித்தாவது கட்டறேன்."

"வண்டிய வித்துட்டு ஐஸ தலையிலயா தூக்கப் போற? மொத வருசம் கட்டிடுவ. மீதி மூணு வருசம்?"

"அப்போ நீயும் கையெழுத்துப் போடுன்றியா?"

தமிழ்நிலாவால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை; இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கணிதத்தில் தொண்ணூற்றாறு. விடை தெரியாமல் அவள் நிற்பது வழக்கமில்லை.

அவளுக்காக ஜானகிதான் பேசினாள். "கேளுய்யா, வாயத் தொறந்து கேக்குது பாரு. நான் பெத்தது இவளத்தான். அவள நான் பெக்கல."

சொன்ன பிறகுதான் தன் சொல் அவள் காதிலேயே விழுந்தது. கத்தி நின்றது. ராஜா அண்ணாமலைபுரத்துப் பெண்மணி எதிர்க்கடை நெத்திலியை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்.

டைபாய்டு வந்த தீபிகாவை மூன்று வாரம் மடியை விட்டு இறக்காதவள் ஜானகி. அவள் காலடியில் இருந்த கட்டைப்பையில், ஞாயிற்றுக்கிழமைக்காகச் சைதாப்பேட்டை வரை போய் வாங்கிய கண்ணாடி வளையல்கள், ஒன்றோடொன்று மோதாமல் துணி சுற்றி இருந்தன.

"நான் அப்டி சொல்ல வரல" என்றாள்.

"அவ கேட்டிருந்தா இன்னாமே ஆயிருக்கும்?"

"அவதான் கேக்கலியே."

"நான் கேட்டேனே" என்றார் தணிகாசலம்.

ஜானகி கணக்குத் தவறி இரண்டு மீனை அதிகமாகக் கூடையில் போட்டாள். அந்தப் பெண்மணியும் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

வண்டிச் சாவியை எடுத்தபடி தணிகாசலம் மகளிடம் திரும்பினார். "நிலா, இத அவகிட்ட போயி சொல்லாத. ஏழு மாசம். மனசு வுட்டுடப் போறா."

"சரி நைனா" என்றாள் தமிழ்நிலா.

பத்து நிமிடத்தில் பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்தில், தியாகராய நகருக்குப் புறப்படத் தயாராக இருந்த வண்டியில் ஏறினாள். நடத்துநர் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை.

---

தீபிகா வேலை பார்க்கும் ஜவுளிக்கடை உஸ்மான் சாலையில் ஐந்து மாடி. கணக்குப் பிரிவு ஐந்தாம் மாடியின் கோடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. சாப்பாட்டு நேரம். தங்கையைக் கண்டதும் தீபிகா தயிர்சாத டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்ட்டியா? மொகம் ஏன் இப்டி கீது? சர்ட்டிபிகேட் வந்துச்சா?"

வருகிற வழியில் தமிழ்நிலா ஒரு பொய்யைத் தயாரித்துவைத்திருந்தாள். அது முதல் கேள்விக்கே தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். தாய் சொன்ன ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

தீபிகா குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "எவ்ளோ ரூபா பத்திரம்னு சொன்ன?" என்றாள்.

"இருபது."

"என் வெல அவ்ளோதானா?"

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் தீபிகா.

"அக்கா, உன் டி.சி. இருந்தா குடு. அதுல உங்கப்பா பேருதானே இருக்கும்? அசோகன்னு? அத காட்டினா நைனா எதுவும் எழுத வேணாம். நானே போயி பேசறேன்."

தீபிகா கைப்பேசியை எடுத்து, வேலைக்கு விண்ணப்பித்தபோது எடுத்துவைத்த படத்தைத் திறந்து, தங்கையிடம் நீட்டினாள். தமிழ்நிலா அதைப் பெரிதாக்கினாள்.

தந்தை பெயர்: ம. தணிகாசலம்.

"மூணாங் கிளாஸ்ல சேக்கறதுக்குக் கூட்டிக்கினு போனாரு" என்றாள் தீபிகா. "ஹெச்.எம். என்னப் பார்த்து, உங்கப்பா பேரு இன்னாம்மான்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரு பேர சொல்லிட்டாரு. வெளிய வந்ததும் கேட்டேன், 'மாமா, நீ ஏன் பொய் சொன்ன?'ன்னு. கேட்டுல நின்னு யோசிச்சாரு. 'அது பொய் இல்ல. இனிமே நீ என்ன மாமான்னு கூப்ட்டாதான் பொய்'னாரு. அன்னிலேர்ந்துதான் நைனா."

தமிழ்நிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் டி.சி. என்ற சொல்லைக் கேட்டதும் தகப்பனார் ஊமையானது வீம்பினால் மட்டும் அன்று. எழுதித் தந்தாலும் பயனில்லை என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அதை வெளியே சொல்லியிருந்தால், தீபிகாவைப் பள்ளியில் சேர்த்த நாளில் சொன்ன தகப்பன் பெயருக்கே கேள்வி வந்திருக்கும். அதனால்தான் எல்லாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாதா?"

தீபிகா டப்பாவை மூடினாள். மேலாளரிடம் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்டு அரைநாள் விடுப்பு வாங்கினாள். அவளுடைய வயிற்றைப் பார்த்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"வா. அந்த மேடம் எதிர்ல ஆள் நின்னு பேசினா என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்."

---

மணி நான்காகியிருந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டித் தட்டச்சுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக மாடியேறிய இருவரும், கடைசிப் பலகையில் முதுகைக் காட்டி அமர்ந்திருந்த சலவைச் சட்டைக்காரரைக் கவனிக்கவில்லை. அவர் மடியில் இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்று இருந்தது. தட்டச்சு முடிந்து ஒரு மணி நேரமாகியும் கையெழுத்திடவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

அவர் அவர்களைப் பார்த்துவிட்டார்.

மாடியில் விசாலாக்ஷி, தீபிகாவைக் கண்டதும் எழுந்து மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காட்டினார். "முதல்ல உட்காரும்மா."

"பரவால்ல மேடம். நான்தான் தீபிகா. காலைல வந்தவரு எழுதிக் குடுக்க மாட்டாரு. அதுக்கு பதிலா நான் எழுதிக் குடுக்கறேன்." அவள் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவரு என் அப்பா இல்ல. என் மாமா. எங்கம்மாவோட அண்ணன். நான் அந்தக் குடும்பத்த சேர்ந்தவ இல்ல."

காலையில் விசாலாக்ஷி கேட்ட வாசகத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் தமிழ்நிலா திரும்பினாள். வாசற்படியில், உள்ளே வரலாமா என்று கேட்பவரைப் போலத் தணிகாசலம் நின்றிருந்தார்.

விசாலாக்ஷி அவரைப் பார்த்தார், தீபிகாவைப் பார்த்தார். பிறகு தீபிகாவிடம் கேட்டு வாங்கிய கைப்பேசியில் இருந்த மாற்றுச் சான்றிதழைப் பார்த்தார். மூன்றில் எதை நம்பவேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இதுலயும் தணிகாசலம்னுதானேம்மா இருக்கு."

"அது பள்ளிக்கூடத்துல சேக்கும்போது..."

"எனக்குப் புரியறது. புரியாம இல்ல. ஆனா பாரு, குடும்ப அட்டைல இவர் அப்பா. டி.சி.ல இவர் அப்பா. டிகிரி சர்ட்டிபிகேட்லயும் அப்படித்தான் இருக்கும். நீ வாயால இல்லேங்கற. நான் எத வெச்சுக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா, அந்தப் பொண்ணு சொன்னான்னு எழுத முடியுமா?"

"அப்போ நான் அவரு மகதானா மேடம்?" தீபிகாவின் குரல் உயரவில்லை. "நாளைக்கு ஒரு சொத்துல பங்கு கேட்டு வந்து நின்னா, மகள்னு ஒத்துக்குவீங்களா?"

விசாலாக்ஷி சற்று யோசித்தார். நேர்மையானவராதலால் உண்மையைச் சொன்னார். "அதுக்குத் தத்துப் பத்திரம் கேப்பாங்க."

தமிழ்நிலா அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தாள். தங்கைக்குக் கிடைக்கவேண்டியதைத் தடுக்கும்போது தீபிகா மகள். தனக்கென்று எதையாவது கேட்டால் மகள் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மேசை, ஒரே மூச்சில், ஒரு துளிக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சொல்கிறது.

"அப்ப பொய் எழுதினவங்களுக்கு மட்டும் எப்டி மேடம் கெடைக்குது?" என்றாள். அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. "எங்க நைனா அக்காவ எட்டாவது பெயிலுன்னு எழுதியிருந்தா, போன வாரமே கையெழுத்துப் போட்டிருப்பீங்க இல்ல?"

"நிலா" என்றார் தணிகாசலம் வாசலிலிருந்து.

"இல்ல நைனா, கேக்கறேன். படிவத்துல பொய் எழுதினா தண்டனைன்னு கீழ போட்டிருக்கு. நெசம் எழுதினா இன்னா தண்டனைன்னு ஏன் போடல?"

விசாலாக்ஷி கண்ணாடியை எடுத்தார்; அணியவில்லை. மடக்கி, பிரித்து, மீண்டும் மடக்கினார். "நான் என்ன பண்றது, சொல்லுங்கோ" என்றார். அது கேள்வியாக இல்லை. தாளில் ஒரு ஆவணத்தின் பெயரை எழுதி, தீபிகாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"ஆந்திரா பக்கம், நெல்லூர தாண்டி என்னப் பெத்தவரு ஊர்ல பொறந்தேன். எங்கிட்ட இல்ல. நாளைக்குள்ள வாங்க முடியாது."

"அப்போ ஒரு வழிதான் இருக்கு. பெத்த தகப்பனார் உயிரோட இருந்தா, அவரே ஆதாரோட நேர்ல வந்து, இது என் பொண்ணுன்னு என் எதிர்ல கையெழுத்துப் போடட்டும். அவர் வாக்குமூலத்த வெச்சு நான் அப்பவே கொடுத்துடறேன். நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள."

அதாவது, பதினேழு ஆண்டுகள் சோறு போட்டவரின் சொல் செல்லாது. பதினேழு ஆண்டுகள் திரும்பிப் பாராதவனின் கையெழுத்து செல்லும்.

அதை அங்கே எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தணிகாசலம் மட்டும், "ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு, தீபிகா படியிறங்கக் கை கொடுத்தார்.

---

குட்டி யானை வேப்பமரத்தடியில் நின்றது. பின்தட்டில் ஐஸ் உருகிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தீபிகாவை முன்இருக்கையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தாமல் தணிகாசலம் நின்றார்.

அவளுடைய திருமணத்தில் தாய்மாமன் சீர் வரிசையைத் தூக்கி வந்தவரும் அவரே. ஓடிப்போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து தாரை வார்த்தவரும் அவரே. புகைப்படக்காரர் கடைசிவரை இருவர் என்றே நினைத்திருந்தார்.

"மாமான்னு சொன்ன" என்றார்.

"ஆமா."

"எல்லார் எதிர்லயும் சொன்ன."

"நீதானே சொல்லிக் குடுத்த? இனிமே மாமான்னு கூப்ட்டாதான் பொய்னு. பொய்தான் சொன்னேன் நைனா. கவர்மெண்டு ஆபீஸ்ல பொய் செல்லுமான்னு பார்த்தேன். நான் சொன்னா அதுவும் செல்லல."

தணிகாசலம் சிரிக்க முயன்றார். சட்டைப்பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து, அதிலிருந்த எழுத்தை அவள் படிக்காதபடி நான்காக மடித்து, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. தமிழ்நிலா அதைப் பார்த்தாள்.

"வுடு. வண்டிய பேசி முடிச்சிட்டா நாளைக்கு துட்டு வந்துடும்" என்றார். "அவன எங்க போயித் தேடறது? உயிரோட கீறானோ இல்லியோ."

தீபிகா கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீறாரு."

ஒரு பேருந்து இரைச்சலோடு கடந்துபோனது.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்து வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல. நம்பர் குடுத்துட்டுப் போனாரு. பெசன்ட் நகர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா கீறாரு."

அடையாற்றில் தீபிகாவின் வீட்டிலிருந்து பெசன்ட் நகர் நடந்துபோகும் தொலைவு. அந்தத் தொலைவை மூவருமே மனத்துக்குள் நடந்து பார்த்தார்கள்.

"ஒரு வருசமா" என்றார் தணிகாசலம்.

"சொல்லணும்னு நெனச்சேன் நைனா. தினம் நெனச்சேன்."

"பேசுவியா?"

தீபிகா கையிலிருந்த கைப்பேசியைக் குனிந்து பார்த்தாள். அதுவே பதில்.

தமிழ்நிலா இப்போது வாய் திறந்திருக்கலாம். எனக்குச் சான்றிதழே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் நாளை மாலை ஐந்து மணி என்பது நெஞ்சுக்குள் ஒரு கடிகாரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயதுதான் ஆகிறது. அவள் பேசாமல் நின்றாள். அப்படி நின்றதற்காகத் தன்மீதும், அப்படி நிற்க வைத்ததற்காக மாடியில் இருந்த அந்த மேசையின்மீதும் அவளுக்குச் சம அளவில் கோபம் வந்தது.

தணிகாசலம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தியின் கண் கைப்பேசியில் இருந்தது. இன்னொருத்தியின் கண் தரையில் இருந்தது. அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"போடு."

"நான் பேசறேன் நைனா."

"நீ பேசாத. கேக்கறது நான். கையேந்தறதும் நானாவே இருக்கட்டும். போட்டுக் குடு."

எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். இந்தப் பதினேழு ஆண்டுகளில் அசோகனிடம் அவர் எதையும் கேட்டதில்லை. பள்ளிக் கட்டணத்துக்குக் கேட்கவில்லை, டைபாய்டுக்குக் கேட்கவில்லை, கல்யாணத்துக்கும் கேட்கவில்லை. இப்போது கேட்கப்போவது ஒன்றே ஒன்று: என் மகள் என் மகள் இல்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போ.

மூன்று முறை மணி அடித்தது. நான்காவதற்கு முன் எடுக்கப்பட்டது.

"சொல்லு பாப்பா" என்றது மறுமுனை. தினமும் பேசுகிற குரலில்.

தணிகாசலம் தீபிகாவைப் பார்த்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பாப்பா இல்ல" என்றார் அவர். "நான்..."

யார் என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.